திரும்பாத கழுத்து

மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டுக்கு வாரம் இரண்டு நாள் முடிவெட்ட வருகிறவருக்குத் தலைவர் என்று பெயர். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை, எந்தச் சங்கத்திலும் இல்லை. “ஊர்ல இருக்கிற தலையெல்லாம் உங்க கைக்குள்ள இருக்கு. அப்போ நீங்கதானே தலைவர்?” என்று ஒரு நோயாளி ஒருநாள் கேட்டார். அது எல்லாருக்கும் பிடித்துப்போய், நர்சுகளில் தொடங்கி வாசல் காவலாளி வரை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் வைத்த நோயாளி ஒரு பெயின்டர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். இந்தக் கதை அவர்கள் இருவரையும் பற்றியது.

தலைவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்ட சொந்த சலூன் இருந்தது. மருத்துவமனைக்கு அவர் வந்து சேர்ந்ததே தற்செயல். முன்பு வந்துகொண்டிருந்தவர் ஒருநாள் பாதிச் சவரத்தில் பயந்துபோய், கத்தரிக்கோலைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார். வேறு ஆள் கிடைக்கும் வரை ஒரு மாதம் மட்டும் வாருங்கள் என்று கேட்டார்கள். அந்த ஒரு மாதம் பதினேழு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் அவருக்கும் கை நடுங்கத்தான் செய்தது. நாற்காலியில் உட்கார்ந்த கிழவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும் மாத்திரை குடுக்கிறாங்களா?” என்று அக்கறையாக விசாரித்தார். தலைவர் சிரித்துவிட்டார். சிரிப்போடு நடுக்கமும் போனது. அன்றிலிருந்து அங்கே இருப்பவர்களை அவர் நோயாளிகளாகப் பார்த்ததில்லை. எல்லாரும் வாடிக்கையாளர்கள். எல்லாருக்கும் ‘வாங்க’, ‘போங்க’ மரியாதைதான். காப்பு வைத்த ரேசரில்தான் சவரம் செய்ய வேண்டும் என்பது வார்டு விதி. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் பெரிய சிஸ்டர் பிளேடுகளை எண்ணிப் பார்ப்பார். தலைவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பதினேழு வருடம் தலைகளைப் பிடித்துத் திருப்பியதில் அவர் கைக்கு ஒரு படிப்பு வந்திருந்தது. கண் பார்க்காததைக் கை சொல்லிவிடும். தூக்கமில்லாதவரின் தலை எவ்வளவு கனமாகச் சாயும், கோபத்தில் இருப்பவரின் பிடரி எப்படி விறைக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். மருந்தால் வருகிற இறுக்கமும் தெரியும். சிலருக்கு ஊசி போட்ட சில நாளில் கை மெல்ல நடுங்கும், முகம் மரத்துப்போகும், கழுத்தைத் திருப்பினால் பழைய கடிகாரத்தின் பல்சக்கரம் மாதிரி தட்டித் தட்டித் திரும்பும். டாக்டர் அதற்கென்று ஒரு மாத்திரை கொடுப்பார், சரியாகிவிடும். அதனால் இறுக்கத்தைக் கண்டு அவர் பதறுகிறவர் அல்ல.

அந்த வருடக் கோடை மிகவும் கடுமையாக இருந்தது. வார்டின் மேற்கூரை பகலில் அடுப்பு மூடி போலக் கொதித்தது. போதாததற்கு ஃபுளூ காய்ச்சல் ஒன்று புகுந்து, நாற்பது கட்டிலில் பதினோரு பேரைப் படுக்க வைத்திருந்தது. நர்சுகளில் இருவரும் டாக்டர்களில் ஒருவரும் அதே காய்ச்சலில் வீட்டில் கிடந்தார்கள். மிச்சமிருந்த ஒரு டாக்டரம்மாதான் மூன்று வார்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

பெயின்டர் இரண்டு வாரத்துக்கு முன்னால் மறுபடியும் சேர்க்கப்பட்டிருந்தார். அவருக்கு முப்பத்தொன்பது வயது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் வருடங்களில் அளவுகோல் வைக்காமல் நேர்கோடு போடுவார். நிறுத்திவிட்டால் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை அது உச்சிக்கு ஏறியிருந்தது. தண்ணீரில் ஏதோ கலக்கிறார்கள் என்று சொல்லி ஒரு வாய்கூடக் குடிக்க மறுத்தார். தடுத்தவர்களைத் தள்ளிவிட்டார். வேறு வழியில்லாமல் ஊசி போட்டார்கள். அடங்கவில்லை என்று அளவைக் கூட்டினார்கள். மூன்று நாளில் நான்கு ஊசி.

செவ்வாய்க்கிழமை தலைவர் சவரம் செய்தபோது பெயின்டர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். ஆனாலும் பேசினார். வார்டுக் கதவில் இருந்த எழுத்தைக் காட்டி, அதை எழுதியவன் இடது கைக்காரன், கடைசி எழுத்து வாசல் பக்கம் ஓடப் பார்க்கிறது என்று குறை சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தலைவர் நாற்காலியைப் போட்டு, துணியை உதறி, பெயின்டரைத் தேடினார். காய்ச்சல், இன்றைக்கு விட்டுவிடுங்கள் என்றார் வார்டு உதவியாளர். விட்டிருக்கலாம். ஆனால் மூன்று நாள் தாடியோடு வியர்வையில் கிடந்தால் அரிக்குமே, முகத்தையாவது துடைத்துவிடுவோம் என்று ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்.

பெயின்டர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் எதையும் பார்க்கவில்லை. சட்டை குளத்தில் முக்கி எடுத்தது போல நனைந்திருந்தது. தாடைக்கு அடியில் உள்ளங்கையை வைத்ததும் துண்டையும் தாண்டிச் சுட்டது. பற்கள் கிட்டித்திருந்தன. “என்ன பெயின்டரே, கோபமா?” என்று கேட்டபடி தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். தலையோடு தோளும் சேர்ந்து திரும்பியது.

தலைவர் துண்டைக் கீழே வைத்தார். பெயின்டரின் வலது கையைத் தூக்கினார். தட்டித் தட்டி மடங்கும் என்று எதிர்பார்த்த முழங்கை அப்படி மடங்கவில்லை. ஈயக் குழாயை வளைப்பது போல, முதலிலிருந்து கடைசி வரை ஒரே கனமாக மெல்ல வளைந்தது. விட்ட இடத்தில் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அவர் நேராகப் பெரிய சிஸ்டரிடம் போனார். பெரிய சிஸ்டர் கெட்டவர் அல்ல. அன்று காலை ஆறு மணியிலிருந்து அவர் உட்காரவே இல்லை.

“ஊசி போட்டா இறுகும் தலைவரே. உங்களுக்குத் தெரியாததா?”

“அந்த இறுக்கம் எனக்குத் தெரியும் சிஸ்டர். இது அது இல்ல.”

காலையில் நூற்றியொன்று காய்ச்சல் இருந்தது, மாத்திரை கொடுத்தாயிற்று, வார்டே காய்ச்சலில் கிடக்கிறது, டாக்டரம்மா மதியம் வருவார் என்று சிஸ்டர் அடுக்கிச் சொன்னார். ஒவ்வொன்றும் நியாயம்தான். தலைவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து ஒருவருக்கு முடி வெட்டினார், இன்னொருவருக்குச் சவரம் செய்தார். மனம் மட்டும் கத்தரிக்கோலில் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமையே பெயின்டரின் மோவாயை நிமிர்த்தும்போது கொஞ்சம் பிடிவாதமாக இருந்ததே என்று இப்போது நினைவு வந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து அன்றைக்கு விட்டுவிட்டார். அந்த நினைவு முள்ளாகக் குத்தியது. ஒரு தடவை விட்டாயிற்று, இரண்டாம் தடவை விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

ஆனால் வெறும் கையோடு போய் வாதாடினால் யார் கேட்பார்கள்? தனக்குத் தெரிந்த வேலையையே அவர் செய்தார். காய்ச்சலில் கிடந்தவர்களின் கட்டில் கட்டிலாகப் போய், சவரம் தேவையா என்று பார்ப்பது போல ஒவ்வொருவர் தலையையும் திருப்பிப் பார்த்தார். முனகினார்கள், ஒருவர் வைதார். கழுத்து மட்டும் எல்லாருக்கும் இளகித்தான் இருந்தது. பிறகு காய்ச்சல் இல்லாமல் ஊசி மட்டும் வாங்கிக்கொண்டிருந்த மூன்று பேரைப் பார்த்தார். அவர் அறிந்த அதே தட்டல். மறுபடியும் பெயின்டரிடம் வந்தார். முன்பு தூக்கி விட்ட கை இப்போதுதான் பாதி இறங்கியிருந்தது. புறங்கையில் கைவைத்துப் பார்த்தார். சூடு கூடியிருந்தது.

அந்த நேரம் சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்தார். பெயின்டருக்கு அன்றைய ஊசி பாக்கி இருந்தது.

தலைவர் கட்டிலுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றார். குரலை உயர்த்தவில்லை. “காய்ச்சல்காரங்க கழுத்து நல்லா திரும்புது சிஸ்டர். ஊசி போட்டவங்க கழுத்து தட்டித் தட்டித் திரும்புது. இவர் கழுத்து திரும்பவே இல்ல. டாக்டரம்மா பாத்துட்டுப் போடட்டுமே. ஒரு மணி நேரத்துல என்ன ஆகிடப் போகுது?”

சிஸ்டர் அவரையே ஒரு நொடி பார்த்தார். பதினேழு வருடத்தில் இந்த மனிதர் அவரிடம் இருக்கை மாற்றக்கூடக் கேட்டதில்லை. தட்டை வைத்துவிட்டு வெப்பமானியை எடுத்தார். நூற்று நான்கு. நாடி நூற்று முப்பதைத் தாண்டியிருந்தது. அவர் நேராகத் தொலைபேசிக்கு நடந்தார்.

டாக்டரம்மா வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. மூன்றாவது வார்டிலிருந்து பாதியில் ஓடி வந்த எரிச்சலில் இருந்தார். யார் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும், முடி வெட்ட வந்தவர் எப்போதிலிருந்து ரவுண்ட்ஸ் போகிறார் என்று சுள்ளென்று விழுந்தார்.

தலைவர் அதைத் துடைத்துப் போட்டார். “ஒரே ஒரு தடவை அவர் கையைப் பிடிச்சு மடக்கிப் பாருங்க டாக்டர். பாத்துட்டு என்னைத் திட்டுங்க, நான் எங்கயும் போகல.”

டாக்டரம்மா முழங்கையைப் பிடித்தார். மடக்கினார். நீட்டினார். மறுபடி மெதுவாக மடக்கினார். முகத்திலிருந்த எரிச்சல் அப்படியே வடிந்தது. மற்றக் கை, முழங்கால், கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெயின்டரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், விரலைக் காட்டினார், எதற்கும் பதில் இல்லை. இரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு மேல் இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நூறுக்கு இறங்கியிருந்தது. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டார். உதவியாளர் கட்டிலுக்கு அடியிலிருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். பால் விடாத தேயிலைத் தண்ணீர் போலக் கறுத்திருந்தது.

அதன் பிறகு அவர் நோயாளியின் அட்டையைப் புரட்டினார். நான்கு ஊசி, கூட்டிய அளவு, தண்ணீர் குடிக்காத நாட்கள், இந்த வெயில். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போய்க் கடைசியில் அட்டையை மூடினார்.

“அந்த ஊசி இனிமே ஒரு சொட்டுகூடக் கிடையாது. மாத்திரையும் நிறுத்துங்க. இப்பவே,” என்று சிஸ்டரிடம் சொன்னார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, திட்டிய அதே கரகரத்த குரலில், ஆனால் வேறு மாதிரி, விளக்கினார். இதற்கு நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சின்ட்ரோம் என்று பெயர். மனநோய்க்குக் கொடுக்கிற மருந்து சில பேருக்கு, மிக அபூர்வமாக, இப்படித் திரும்பிக்கொள்ளும். காய்ச்சல், குழாய் போன்ற இறுக்கம், புத்தி கலங்குவது, நாடியும் அழுத்தமும் வியர்வையும் கட்டுமீறுவது, இந்த நாலும் ஒன்றாக வரும். தசைகள் இறுகி இறுகிச் சிதையும். அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். விட்டுவிட்டால் ஆள் போய்விடுவார்.

“அப்போ இதுதான்னு நிச்சயமா டாக்டர்?”

“இதுதான்னு ஒரே டெஸ்ட்ல சொல்ல முடியாது. மூளைக் காய்ச்சலா இருக்கலாம், வெயில் தாக்கினதா இருக்கலாம். அதெல்லாம் இல்லன்னு பாத்துத்தான் சொல்லணும். ஆனா பாத்து முடிக்கிற வரைக்கும் ஊசியை நிறுத்தாம இருந்தோம்னா, அப்புறம் பாக்கறதுக்கு ஆள் இருக்க மாட்டார்.”

மனநல மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. பொது மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். டாக்டரம்மா மூன்று வார்டையும் விட்டுப் போக முடியாது. கூடப் போகும் நர்சு ஒப்படைத்துவிட்டு அந்த வண்டியிலேயே திரும்பியாக வேண்டும். பெயின்டருக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணன். அவர் ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில், சரக்கு வண்டிகளை எடை போடும் நிலையத்தில் வேலை செய்தார். தகவல் கிடைத்து அவர் வந்து சேரும் வரை யார் இருப்பது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, தலைவர் கத்தரிக்கோலையும் சீப்பையும் பையில் போட்டுக் கட்டிவிட்டார்.

டாக்டரம்மா கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்தார். மூன்றாவது வரியின் கீழே இரண்டு கோடு போட்டார். மனநோய் ஊசி மட்டுமல்ல, வாந்திக்கு வழக்கமாகப் போடுகிற சில ஊசியிலும் இதே குணம் உண்டு, அதுவும் கூடாது என்று அந்த வரியில் எழுதியிருப்பதாகச் சொன்னார். “யார் ஊசியோட வந்தாலும் மூணாவது வரியைக் காட்டுங்க. அவங்களுக்கு நேரம் இருக்காது, படிக்காம போட்டுருவாங்க. நீங்கதான் காட்டணும்.”

ஆம்புலன்ஸில் ஏறுவதற்கு முன் தலைவர் மனைவிக்குப் போன் செய்து, கடையைப் பூட்டிவிடச் சொன்னார். மனைவி ஒரு அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்க்கிற வேலையில் இருந்தார். அதனாலோ என்னவோ, எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்பார். ஊரில் இத்தனை பேர் இருக்க இவர் ஏன் போக வேண்டும், இவர் அந்த ஆளுக்கு என்ன உறவு என்று கேட்டார். கழுத்தைப் பிடித்தவன் என்ற உறவுதான் என்றார் தலைவர்.

“கழுத்தப் பிடிச்சா வெளிய தள்ளுவாங்கன்னுதான் இதுவரைக்கும் கேள்விப்பட்டிருக்கேன்,” என்றார் மனைவி. சற்றுப் பொறுத்து, “சரி, பிடிச்ச பிடியை விட்டுராதீங்க. நான் கடையைப் பாத்துக்கிறேன்,” என்று வைத்துவிட்டார்.

பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவு சந்தைக்கடையாக இருந்தது. உயரமான டாக்டர் ஒருவர் வந்தார். காய்ச்சலும் விறைத்த கழுத்தும் என்றதும் மூளைக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்றார். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும், அதுவரை கிருமிக்கான மருந்து போகட்டும் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே கடிதத்தின் முதல் இரண்டு வரியைப் படித்தார். தப்பான முடிவு அல்ல அது. தலைவர் அவருக்குக் குறுக்கே போகவில்லை. “கழுத்து மட்டும் இல்ல சார், கையும் காலும் அப்படியேதான் இருக்கு,” என்று மட்டும் சொன்னார். டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். கடிதத்தில் கேட்டிருந்த தசைப் பரிசோதனைக்கும் சேர்த்து இரத்தம் எடுக்கச் சொன்னார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் விபத்தில் அடிபட்டவரைக் கொண்டு வந்துவிட்டார்கள், டாக்டர் அங்கே ஓடினார்.

அந்த இடைவெளியில் பெயின்டர் வாந்தி எடுத்தார். தலைவர் அவரை ஒருக்களித்துப் பிடித்துத் துடைத்தார். வாயே திறக்காதவருக்கு வாந்தி மூச்சில் போய்விடுமோ என்று தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். ஒரு நர்சு விரைந்து வந்து சிரிஞ்சைக் கையில் எடுத்தார்.

“என்ன ஊசி சிஸ்டர்?”

“வாந்திக்கு. தள்ளுங்க.”

தலைவர் தள்ளவில்லை. மருந்து ஏறும் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். இன்னொரு கையால் கடிதத்தை நீட்டினார். “மூணாவது வரியைப் படிங்கம்மா.”

இது எல்லாருக்கும் போடுகிற சாதாரண ஊசிதான், வழக்கப்படி எழுதியிருக்கிறது, கையை எடுக்காவிட்டால் காவலாளியைக் கூப்பிடுவேன் என்றார் நர்சு. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவருக்கு முகம் சூடானது. நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுப் பழகாத மனிதர் அவர்.

“கூப்பிடுங்கம்மா. கூடவே டாக்டரையும் கூப்பிடுங்க. அவர் இந்த வரியைப் படிச்சுட்டுப் போடுன்னு சொன்னா, அடுத்த நொடியே கையை எடுத்துடுறேன். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்.”

காவலாளியும் வந்தார், டாக்டரும் வந்தார். டாக்டர் மூன்றாவது வரியைப் படித்தார். சிரிஞ்சைப் பார்த்தார். நெற்றியைத் தட்டிக்கொண்டு, அதை எடுத்துப் போங்கள், வேறு மருந்து எழுதுகிறேன் என்றார். நர்சு சிரிஞ்சோடு போனார். சற்று நேரத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தலைவருக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் பரிசோதனை முடிவுகள் வந்தன. முதுகுத் தண்டு நீர் தெளிவாக இருந்தது. மூளைப் படத்தில் கோளாறு இல்லை. தசைச் சிதைவைக் காட்டும் எண் இருநூறுக்குள் இருக்க வேண்டியது முப்பத்தோராயிரத்தில் நின்றது. உயரமான டாக்டர் மனநல மருத்துவமனைக்குப் போன் போட்டார். உங்கள் ஊகம் சரிதான் என்று அவர் சொன்னது தலைவர் காதில் விழுந்தது. எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, டாக்டர் போனைப் பிடித்தபடியே திரும்பித் தலைவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

பெயின்டரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, உடம்பெல்லாம் குளிர்வித்து, சிறுநீரகத்தைக் கழுவிவிடுவது போல மணிக்கணக்காக நீர் ஏற்றினார்கள். தசையைத் தளர்த்த மருந்து கொடுத்தார்கள். ஏழு மணிக்கு அண்ணன் வந்து சேர்ந்தார். தலைவர் அவர் கையில் கடிதத்தை ஒப்படைத்து, மூன்றாவது வரியை அவரைக்கொண்டு இரண்டு தரம் வாசிக்க வைத்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

நான்காம் நாள் சிறுநீரகம் தடுமாறி, இரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தில் போட வேண்டுமோ என்று பேச்சு வந்தது. ஐந்தாம் நாள் அது தானாகவே பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. இறுக்கம்தான் கடைசியாகப் போனது. பெயின்டர் கண்ணால் ஆளைத் தேட ஆரம்பித்து, முதலில் கேட்டது தண்ணீர். தண்ணீரில் ஏதோ கலக்கிறார்கள் என்று சொன்னவர் இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தார் என்று அண்ணன் போனில் சொன்னபோது, தலைவர் கடையில் ஒருவருக்குப் பாதி மீசை எடுத்திருந்தார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போய் நின்று கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். உள்ளே இருந்தவர் கண்ணாடியில் தன் மிச்ச மீசையைப் பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நோய் ஒன்று போனதும் பழைய நோய் வாசலில் காத்திருந்தது. பெயின்டர் மனநல வார்டுக்குத் திரும்பினார். உடனே மருந்து தரக் கூடாது, குறைந்தது இரண்டு வாரமாவது உடம்பு முழுக்கத் தேற வேண்டும் என்று டாக்டரம்மா பொறுத்திருந்தார். அதற்குள் குரல்கள் மெல்லத் திரும்பி வந்துவிட்டன. வேறு வகை மருந்து, மிகக் குறைந்த அளவில், தினமும் பரிசோதனையோடு தரலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது பெயின்டர் வாயை இறுக மூடிக்கொண்டார். அண்ணனும் அவர் பக்கம்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா என்று கேட்டார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், மருந்தே வேண்டாம் என்று பையைக் கட்டினார்.

அது செவ்வாய்க்கிழமை. தலைவர் பெயின்டரின் தாடியில் நுரை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் பேசியதெல்லாம் கேட்டது. பெயின்டரின் கண்கள் யாரோ கூப்பிடுவது போல ஓரத்துக்கு ஓடி ஓடித் திரும்புவதும் தெரிந்தது.

“பெயின்டரே, உங்களக் கவுத்தது அந்த மருந்துதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா மருந்தே இல்லாம நீங்க எப்படி இருந்தீங்கன்னும் நான் பாத்திருக்கேன்.”

பெயின்டர் சவரம் முடிந்து முகம் துடைத்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எல்லாம் எனக்குக் கேட்டுச்சு தலைவரே. உடம்பு கல்லாப் போச்சு. கூப்பிட வாய் வரல. மறுபடி அப்படி ஆச்சுன்னா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“வாரத்துல ரெண்டு நாள்தானே வருவீங்க.”

“தினமும் வர்றேன். கடை திறக்கறதுக்கு முன்னால வந்து உங்க கையை மடக்கிப் பாத்துட்டுப் போறேன். ஒரு நாள் நான் வரலன்னா, அன்னைக்கு மாத்திரையைத் துப்பிடுங்க.”

டாக்டரம்மா இந்த ஒப்பந்தத்தைக் கேட்டு, துப்பும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு ஒத்துக்கொண்டார். நாற்பது நாள். காலை ஏழரைக்குத் தலைவர் சைக்கிளில் வந்து இறங்குவார். முழங்கை இரண்டு, முழங்கால் இரண்டு, கழுத்து. பெரிய சிஸ்டர் பக்கத்தில் நின்று காய்ச்சலும் நாடியும் எழுதுவார். மழை வந்த இரண்டு நாளும் தவறவில்லை. மனைவிக்குப் பல் பிடுங்கிய நாளில்கூட, அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்து, அதற்கு வீட்டில் தக்க பாட்டும் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் வலது கை பிடித்துக்கொண்டு மடங்க மறுத்தது. தலைவர் உடனே டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னார். டாக்டரம்மா ஓடி வந்து இரத்தம் எடுத்து, இரண்டு மணி நேரம் எல்லாரும் வாயில் நகத்தோடு இருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. முந்தின நாள் வார்டில் கேரம் போட்டி நடந்திருந்தது. பெயின்டர் பதினாறு ஆட்டம் ஆடியிருந்தார். “அதைச் சொல்லக் கூடாதா?” என்று டாக்டரம்மா தலையில் கைவைத்தார். யாரும் கேட்கவில்லையே என்றார் பெயின்டர்.

நாற்பது நாள் முடிந்ததும் அவர் அண்ணனோடு வீட்டுக்குப் போனார். சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளும்படி டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். என்ன நடந்தது, எந்த மருந்துகள் ஆகாது, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த வார்டில் அதன் பிறகு காய்ச்சல் என்று யார் படுத்தாலும் பெரிய சிஸ்டர் முதலில் கையை மடக்கிப் பார்ப்பார். தலைவரும் இரண்டு மூன்று தடவை சந்தேகப்பட்டுக் கூப்பிட்டார். ஒருவருக்குத் தலையணை சரியில்லை. இன்னொருவர் கோபத்தில் விறைத்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டு அவர் மன்னிப்புக் கேட்டபோது, பத்துத் தடவை தப்பாகக் கூப்பிடுங்கள், பரவாயில்லை, ஒரு தடவை கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா.

இரண்டு வருடம் கழித்துப் பெயின்டர் தலைவரின் கடைக்கு வந்தார். ஊன்றுகோலோடு வந்தார். மூன்றாம் மாடிப் பெயர்ப்பலகை எழுதும்போது ஏணி சறுக்கிக் கால் முறிந்ததாம். எங்கேயோ ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து குமட்டல் வந்திருக்கிறது. நர்சு சிரிஞ்சோடு வந்திருக்கிறார். பெயின்டர் மயக்கத்திலேயே குழாயின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, சட்டையைக் கொண்டுவா, பையில் அட்டை இருக்கிறது, படித்துவிட்டுப் போடு என்று அரை மணி நேரம் வம்பு பண்ணியிருக்கிறார்.

“படிச்சாங்களா?” என்று தலைவர் கேட்டார்.

“படிச்சாங்க. படிச்சுட்டு வேற ஊசி எடுத்துட்டு வந்தாங்க. ஆனா அட்டையைத் திருப்பித் தரல தலைவரே, கேஸ் ஷீட்டோட சேத்துட்டாங்க. அதான் டாக்டரம்மாகிட்ட புதுசு ஒண்ணு எழுதி வாங்கலாம்னு வந்தேன். அவங்க மூணு மணிக்குத்தான் வருவாங்களாம். அதுவரைக்கும் தலையை வெட்டுங்க.”

தலைவர் நாற்காலியைத் தட்டித் துடைத்து அவரை உட்கார வைத்தார். ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வெள்ளைத் துணியை விரித்தார்.